இரட்டை நகரச் சங்கத்தின் மூன்று இரவுப் பயணம்: செலவுக்கும் நேரத்துக்கும் பெறுமதியா?

பிரித்தானியாவிலோ பிரான்ஸிலோ ஜேர்மனியிலோ ஒரு சின்ன ஊருக்குள் நுழையும்போது, ஊர்ப் பெயர்ப் பலகையின் அடியில் இன்னொரு நாட்டு ஊரின் பெயரும் எழுதியிருப்பதைப் பலரும் கண்டிருப்போம். இரண்டு ஊர்களும் நட்பு உடன்படிக்கை செய்துகொண்ட ‘இரட்டை நகரங்கள்’ என்பதற்கான அடையாளம் அது. அந்த உறவைக் கவனிப்பது நகரசபை என்றுதான் பொதுவாக நினைப்பார்கள். உடன்படிக்கையில் கையெழுத்திடுவது நகரசபை. அதற்குப் பிறகு வருடாவருடம் அதை இழுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் உள்ளூர்க்காரர் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கம். பிரான்ஸில் அதை ஜுமெலாஜ் கமிட்டி என்பார்கள், ஜேர்மனியில் பார்ட்னர்ஷாஃப்ட் சங்கம், இங்கிலாந்தில் ட்வினிங் சொசைட்டி. அங்கெல்லாம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களும் இவற்றில் தாராளமாகச் சேரலாம். சந்தா சிறியது, சேருவதற்குத் தகுதி ஏதும் கேட்பதில்லை.

இந்தச் சங்கங்கள் தரும் முக்கியமான சேவை ஒன்றுதான்: பரிமாற்றப் பயணம். ஒரு வருடம் அவர்கள் இங்கே வருவார்கள், அடுத்த வருடம் இங்கிருப்பவர்கள் அங்கே போவார்கள். வியாழன் அல்லது வெள்ளி மாலை போய் இறங்கி, ஞாயிறு அல்லது திங்கள் காலை திரும்புவது வழக்கம். போகிறவர் கோச் கட்டணத்தைக் கட்டுவார். தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர்ச் சுற்றுலா எல்லாம் வரவேற்கும் வீட்டாரும் அவர்களுடைய சங்கமும் பார்த்துக்கொள்ளும் செலவு. அடுத்த வருடம் அதே கடன் மறுபக்கம் திரும்பும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விருந்தினரை வீடுகளில் தங்கவைக்கும் சங்கம் என்றால் யோசிக்காமல் சேருங்கள். எல்லோரையும் ஹோட்டலில் விட்டு, நகரசபை மண்டபத்தில் ஒரு விருந்து வைத்துத் திருப்பி அனுப்பும் சங்கம் என்றால், அந்தக் காசுக்கு நீங்களே குடும்பத்தோடு போய்வருவது மேல். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு வேறுபாட்டைச் சுற்றித்தான் வருகிறது.

வீடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த இயக்கத்தின் தொடக்கமே சாட்சி. 1947-இல் இங்கிலாந்தின் ரெடிங் நகர மேயராக இருந்த ஃபீபி கஸ்டன், குண்டு வீச்சில் நொறுங்கிக் கிடந்த டூசல்டோர்ஃபிலிருந்து ஆறு சிறுவர்களை அழைத்து, ரெடிங் வீடுகளில் மூன்று மாதம் தங்கவைக்க ஏற்பாடு செய்தார். போர் முடிந்து இரண்டே வருடம். இங்கிலாந்தில் அப்போது சாப்பாடு பங்கீட்டு அட்டையில் கிடைத்த காலம். அப்படிப்பட்ட நேரத்தில் எதிரி நாட்டுப் பிள்ளைக்குத் தங்கள் மேசையில் ஒரு தட்டு வைத்தார்கள். இரு நகரங்களுக்கும் இடையிலான முறைப்படியான உடன்படிக்கை 1988-இல்தான் வந்தது. நாற்பது வருடம் உறவு காகிதம் இல்லாமலே ஓடியிருக்கிறது. பிரான்ஸின் மொன்பெலியாருக்கும் ஜேர்மனியின் லுட்விக்ஸ்பூர்க்குக்கும் 1950-இல் தொடங்கிய தொடர்பும் இப்படித்தான். இரு நாடுகளுக்கிடையே முதல் இரட்டை நகரங்கள் இவைதாம். அப்போதைய மொன்பெலியார் மேயர் லூசியன் தராடான், பூக்கன்வால்ட் வதைமுகாமிலிருந்து மீண்டவர். பிரான்ஸும் ஜேர்மனியும் நட்புக்காகச் செய்துகொண்ட எலிசே ஒப்பந்தம் கையெழுத்தாக இன்னும் 13 வருடம் இருந்தது. இன்று பிரான்ஸ், ஜேர்மனி ஊர்களிடையே மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் உண்டு.

இனிப் பயணத்துக்கு வருவோம்.

ஒரு சங்கத்தின் தரத்தை அளக்க அதன் சோடி சேர்க்கும் தாளைப் பாருங்கள். யார் யார் வீட்டில் தங்குவது என்று எழுதும் தாள் அது. நல்ல சங்கத்தில் விண்ணப்பப் படிவம் ஒரு பக்கம் முழுக்க இருக்கும்: வயது, எந்த மொழி எவ்வளவு வரும், வீட்டில் நாய் பூனை உண்டா, புகைபிடிப்பவரா, மாடிப்படி ஏற முடியுமா, தனிக் குளியலறை தேவையா, இரவில் மூச்சுக் கருவி போட்டுத் தூங்குபவரா, என்ன சாப்பிடமாட்டார், பிள்ளைகளின் வயது என்ன, எதில் விருப்பம். மோசமான சங்கத்தில் பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும் கேட்பார்கள். அதன் விளைவு முதல் இரவே தெரியும்: பூனை ஒவ்வாமை உள்ளவர் மூன்று பூனை வளர்க்கும் வீட்டில், முழங்கால் வலிக்காரர் மூன்றாம் மாடியில்.

சோடி சேர்ப்பதில் அனுபவசாலிகள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு ஒன்று உண்டு. முதலில் உடல்நலமும் ஒவ்வாமையும், அடுத்து பிள்ளைகளின் வயது, அதன்பின் விருப்பங்கள், மொழி கடைசியில். மொழி கடைசியா என்று திகைக்க வேண்டாம். தோட்டக்காரர் இருவரை ஒரு வீட்டில் விட்டால் ஐம்பது சொல்லில் மூன்று நாள் பேசிவிடுவார்கள். சரளமாக ஆங்கிலம் பேசும் இருவருக்கு விருப்பங்கள் ஒத்துவராவிட்டால் சனிக்கிழமை மத்தியானத்திலேயே பேச்சு வற்றிவிடும். தாளைப் பயணத்துக்கு ஆறு கிழமைக்கு முன்பே முடித்து, வீட்டாரும் விருந்தினரும் ஒருவருக்கொருவர் ஒரு செய்தியாவது அனுப்பிக்கொள்ளச் செய்ய வேண்டும். கூடவே, ஒவ்வொரு பத்து விருந்தினருக்கும் ஒரு மேலதிக வீடு ஆயத்தமாக இருக்க வேண்டும். கடைசிக் கிழமையில் யாருக்காவது காய்ச்சல் வரும், யார் வீட்டிலாவது மரணம் நடக்கும். மேலதிக வீடு இல்லாத சங்கத்தில் அந்தச் சுமை செயலாளர் வீட்டுச் சோபாவில் போய் விழும்.

இறங்கும் நேரத்தையும் கவனியுங்கள். மாலை ஏழு மணி, நகரசபை வாகனத் தரிப்பிடம், கோச் கதவு திறக்கிறது. நாற்பது பேர் பெட்டிகளோடு நிற்கிறார்கள், எதிரே நாற்பது பேர் கார்ச் சாவியோடு நிற்கிறார்கள். தெரிந்தவர்கள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார்கள். செயலாளர் அட்டைப் பலகையில் செருகிய தாளைப் பார்த்துப் பெயர் பெயராகக் கூப்பிடுகிறார். வருடக்கணக்காக வருபவர்களின் பெயரை முதலில் கூப்பிட்டால், புதியவர் ஒருவர் கடைசிவரை விளக்குக் கம்பத்தடியில் தனியே நிற்பார். அந்தப் பத்து நிமிடம் அவருக்கு ஒரு மணி நேரம். அடுத்த வருடம் அவர் வரமாட்டார். நல்ல சங்கங்கள் புதியவர்களின் பெயரைத்தான் முதலில் கூப்பிடும். வருடக்கணக்கில் சங்கம் தேய்ந்து போவதற்கு இப்படியான சின்ன விஷயங்கள் போதும்.

கோச் பற்றி எழுதாமல் விட முடியாது, பாதி முறைப்பாடுகள் அதில்தான். ரெடிங்கிலிருந்து டூசல்டோர்ஃப் போவதாக வைத்துக்கொள்வோம். ஃபோக்ஸ்டன் வரை 170 கிலோமீற்றர் அளவில், சுரங்க ரயிலில் 35 நிமிடம், கலேயிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஓட்டும் நேரம் மட்டும் ஏழு மணி நேரத்துக்கு மேல். சாரதிக்குச் சட்டப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். ஒரு நாளில் ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம், கிழமையில் இரண்டு நாள் மட்டும் பத்து. அதோடு 24 மணி நேரத்துக்குள் பதினொரு மணி நேர ஓய்வு வேண்டும், சில நாட்களில் அதை ஒன்பதாகக் குறைக்கலாம். அதாவது வண்டியை எடுத்த நேரத்திலிருந்து 13 மணி நேரத்துக்குள் அவர் வேலையை முடிக்க வேண்டும், நெருக்கடியில் 15. எல்லையில் மூன்று மணி நேர வரிசை வந்தால் கணக்கு உடைந்துவிடும். டூசல்டோர்ஃபுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது சாரதி வண்டியை நிறுத்துவது முரட்டுத்தனத்தால் இல்லை, ஓட்டும் நேரத்தைப் பதியும் டாக்கோகிராஃப் கருவி அவரைக் காட்டிக்கொடுக்கும். காலை ஆறு மணிக்குப் புறப்படும் அட்டவணையைப் பார்த்து முணுமுணுக்க வேண்டாம், அதுதான் புத்தியுள்ள அட்டவணை. இரவு பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்த கோச்சை அடுத்த நாள் காலை ஏழரைக்குச் சுற்றுலாவுக்குக் கேட்கும் சங்கம் இந்த விதியை அறியாத சங்கம்.

கோச்சின் விலை ஆட்களின் எண்ணிக்கையில் தங்கியிருக்கிறது. வாடகை 4,000 பவுண்டு என்று வைத்துக்கொண்டால், 48 பேருக்கு ஆளுக்கு 83 பவுண்டு. 26 பேர் மட்டும் சேர்ந்தால் 154. ஆள் குறையக் கட்டணம் ஏறும், கட்டணம் ஏற இன்னும் ஆள் குறையும். பல சங்கங்கள் இந்தச் சுழலில்தான் மூழ்குகின்றன. இதற்கு நல்ல வழி, அயலூர்ச் சங்கத்தோடு ஒரே கோச்சைப் பகிர்வது. அவர்களுடைய இரட்டை நகரம் அதே திசையில் இருந்தால் போதும். வாடகையில் சாரதியின் தங்குமிடம், சாப்பாடு, சுங்கச்சாலைக் கட்டணம், கடல் கடக்கும் சீட்டு சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்க வேண்டும். நாலில் மூன்று இருந்து, நாலாவது திரும்பும் நாளில் பில்லாக வருவது உண்டு.

வீட்டுக்குள் நடப்பதுதான் இந்தச் சேவையின் உயிர். நிகழ்ச்சி நிரலில் எதுவும் எழுதாத சனிக்கிழமை மத்தியானம் ஒன்று கட்டாயம் வேண்டும். காலையில் அருங்காட்சியகம், மதியம் நகரசபை, பின்னேரம் திராட்சைத் தோட்டம், இரவு விருந்து என்று நிரப்பிவைக்கும் சங்கங்கள் நல்லெண்ணத்தில்தான் செய்கின்றன. ஆனால் அப்படிச் செய்தால் விருந்தினர் முழுநேரமும் தங்கள் ஊர்க்காரருடனேயே கோச்சில் இருப்பார். வீட்டாருடன் கடைக்குப் போவது, அவர்களுடைய தாயாரை முதியோர் இல்லத்தில் பார்த்துவருவது, சமையலறையில் நின்று உருளைக்கிழங்கு உரிப்பது ஆகியவற்றுக்கெல்லாம் நேரம் இருக்காது. பத்து வருடம் கழித்தும் நினைவில் நிற்பது உருளைக்கிழங்குதான்.

சைவம் சாப்பிடுபவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. ‘வெஜிடேரியன்’ என்று ஒரு சொல்லில் எழுதி விட்டுவிடாதீர்கள். மீன் சாப்பிடுவீர்கள் என்று எடுத்துக்கொள்ளும் வீடுகள் பிரான்ஸில் உண்டு. கீஷ் என்ற, போரணையில் சுட்ட முட்டைப் பண்டத்தில் பன்றி இறைச்சித் துண்டு பொடியாகக் கலந்திருக்கலாம். லுட்விக்ஸ்பூர்க் இருக்கும் ஸ்வாபியப் பகுதியில் உருளைக்கிழங்கு சாலட் பார்ப்பதற்கு முழுச் சைவம், ஆனால் அதை நனைப்பது இறைச்சிச் சாறு. மௌல்டாஷன் என்ற மாவுப் பொதிக்குள் பசளிக்கீரை தெரியும், அதோடு அரைத்த இறைச்சியும் இருக்கும். ஆகவே, இறைச்சி, கோழி, மீன், முட்டை, எலும்புச் சாறு, ஜெலட்டின் என்று ஒவ்வொன்றாக எழுதி, வேண்டும், வேண்டாம் என்று குறித்து அனுப்புங்கள். வீட்டாருக்கும் அது நிம்மதி. வந்தவர் தட்டைத் தள்ளிவைக்கும்போது எந்த வீட்டுக்காரிக்கும் மனம் நோகும்.

உங்கள் வீட்டுக்கு அவர்கள் வரும் வருடத்தில் முதல் இரவே கறியில் உறைப்பைக் காட்ட வேண்டாம். இடியப்பமும் மிளகாய் குறைத்த சொதியும் ஐரோப்பிய விருந்தினரிடம் அநேகமாக எடுபடும். தேங்காய்ப்பாலும் எலுமிச்சையும் சேர்ந்த சுவை அவர்களுக்குப் புதிது, ஆனால் மிரட்டாது. கையால் சாப்பிடக் கற்றுக்கொடுப்பது இரண்டாம் நாளுக்கு. பிரெஞ்சு விருந்தினருக்குக் காலையில் பாணும் பட்டரும் ஜாமும் பெரிய கோப்பை நிறையக் கோப்பியும் இருந்தால் போதும், முழு இங்கிலிஷ் காலைச் சாப்பாடு செய்து களைக்காதீர்கள்.

காகித வேலை இப்போது பழைய காலம் போல் இல்லை. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது இரட்டை நகரச் சங்கங்களை நேராகவே பாதித்தது. 2021 அக்டோபரிலிருந்து ஐரோப்பியர் அடையாள அட்டையைக் காட்டி பிரித்தானியாவுக்குள் வர முடியாது, கடவுச்சீட்டு வேண்டும். வெளிநாடே போகாத முதியவர்கள் பலரிடம் பிரான்ஸில் அடையாள அட்டை மட்டும்தான் இருக்கிறது. 2025 ஏப்ரல் 2 முதல் அவர்களுக்கு ஈடிஏ என்ற முன் அனுமதியும் தேவை. அதே மாதம் அதன் கட்டணம் 16 பவுண்டாக ஏறியது. கைக்குழந்தைக்கும் தனியாக எடுக்க வேண்டும், இரண்டு வருடம் செல்லும், கடவுச்சீட்டு மாறினால் புதிதாக எடுக்க வேண்டும். இங்கிருந்து போகும் பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரருக்கு, உள்ளே நுழையும் நாளில் கடவுச்சீட்டு வழங்கிப் பத்து வருடத்துக்கு உள்ளாகவும், வெளியேறும் நாளுக்குப் பின் மூன்று மாதம் செல்லுபடியாகவும் இருக்க வேண்டும். இந்தப் பத்து வருடக் கணக்கில் தவறித்தான் பலர் துறைமுகத்திலிருந்து திரும்புகிறார்கள், காரணம் பழைய கடவுச்சீட்டுகளில் பத்து வருடத்துக்கு மேல் சில மாதம் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். முடிவுத் திகதியை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், வழங்கிய திகதியைப் பாருங்கள். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லைகளில் படிப்படியாக வந்த ஈஈஎஸ் என்ற நுழைவுப் பதிவு முறையில் முதல் தடவை கைரேகையும் முகப் படமும் எடுப்பார்கள், 12 வயதுக்குக் கீழ் கைரேகை இல்லை. ஒரு கோச் ஆட்களுக்கு இது எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை மேலே சொன்ன சாரதி நேரத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் இங்கிலாந்தில் நிரந்தர வதிவிடம் பெற்றிருந்தாலும் பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா எடுத்தே ஆக வேண்டும். கட்டணம் 2024 யூன் முதல் பெரியவருக்கு 90 யூரோ, ஆறு முதல் பதினொரு வயதுவரை 45, அதற்குக் கீழ் இலவசம். ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை பயணத்துக்கு 15 நாள் முன்பு. பிரான்ஸில் ஒரு வீட்டில் தங்கப் போவதால் ஹோட்டல் பதிவுக்குப் பதிலாக அத்தஸ்தாசியோன் தக்காய் என்ற வரவேற்புச் சான்றிதழ் கேட்பார்கள். வரவேற்கும் வீட்டார் தங்கள் ஊர் மேரியில், அதாவது நகரசபை அலுவலகத்தில், 30 யூரோ முத்திரைக்கட்டணம் கட்டி எடுத்து, மூலத்தை உங்களுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். இதனால்தான் சோடித் தாள் ஆறு கிழமைக்கு முன் என்பது விசா தேவையானவர்களுக்குப் போதாது, மூன்று மாதம் முன்பே அவர்களுடைய வீட்டை உறுதி செய்யச் சொல்லுங்கள். இதை முதல் கூட்டத்திலேயே வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். மற்ற உறுப்பினர் யாருக்கும் விசா தேவைப்படாத சங்கத்தில் செயலாளருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருக்கும்.

அன்பளிப்பு விஷயத்தில் ஒரு பழைய வழக்கம் முறிந்துபோயிருக்கிறது, அது எங்களுக்கு உண்மையாகவே கவலை. வரும்போது தங்கள் ஊர்ப் பாற்கட்டியும் உலர்ந்த சொசேஜும் கொண்டுவருவது பிரெஞ்சு, ஜேர்மன் விருந்தினரின் பழக்கம். கால்நடைகளுக்கு வரும் கோமாரி நோய் காரணமாக 2025 ஏப்ரல் 12 முதல், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து மாடு, ஆடு, செம்மறி, பன்றி இறைச்சியையும் பால் பொருட்களையும் சொந்தப் பாவனைக்குக்கூட பிரித்தானியாவுக்குள் கொண்டுவர முடியாது. கடையில் பொதி செய்து விற்றதும், வழியில் சாப்பிட வைத்த சீஸ் சாண்ட்விச்சும் இதில் அடங்கும். எதிர்த்திசையில், பிரித்தானியாவிலிருந்து இறைச்சியும் பாலும் ஒன்றியத்துக்குள் போவது 2021-லிருந்தே தடை. வரும் விருந்தினருக்கு இதை அவர்களுடைய மொழியில் ஒரு வரியாக எழுதி முன்கூட்டியே அனுப்புங்கள். வருடம் முழுதும் பதப்படுத்தி எடுத்துவந்ததைத் துறைமுகக் குப்பைத் தொட்டியில் போடுவதைப் பார்ப்பது கொடுமை. சொக்லேட், பிஸ்கட், கிரீம் இல்லாத கேக், பாண் ஆகியவை வரலாம். வைன் என்றால் பிரித்தானியாவுக்குள் ஆளுக்கு 18 லீற்றர், ஒன்றியத்துக்குள் நாலு லீற்றர் மட்டும். பழங்களில் ஒன்றியத்துக்குள் சான்றிதழ் இல்லாமல் போகக்கூடியவை ஐந்தே: அன்னாசி, தேங்காய், டுரியான், வாழைப்பழம், பேரீச்சை. நம்மவர்க்கு அது தோதுதான், தேங்காய் கொண்டுபோய் அங்கேயே சம்பல் அரைக்கலாம். பூங்கொத்து கொடுப்பதென்றால் அங்கே போய் வாங்குங்கள், பிரான்ஸில் செவ்வந்தி மட்டும் வேண்டாம், அது கல்லறைக்கு வைக்கும் பூ.

விலை உயர்ந்த பரிசுகளுக்குப் போட்டி போடும் சங்கங்களும் உண்டு, வெள்ளித் தட்டும் பளிங்குக் கேடயமும் நகரசபை அலுமாரியில் தூசி பிடிக்கும். கொவென்ட்ரி பெண்கள் போர்க்காலத்தில் ஸ்டாலின்கிராட் (இன்றைய வோல்கோகிராட்) பெண்களுக்கு அனுப்பிய மேசைவிரிப்பை நினைத்துப்பாருங்கள். எண்ணூறுக்கும் மேற்பட்ட பெண்கள் தங்கள் பெயரை எழுத, அவை நூலால் தைக்கப்பட்டன, ஆளுக்கு ஆறு பென்ஸ் சேர்த்தும் கொடுத்தார்கள். சின்ன உதவி பெரிய அனுதாபத்தை விட மேல் என்ற வாசகம் அதன் நடுவில் தைத்திருக்கிறது. 2022-இல் கொவென்ட்ரி நகரசபை வோல்கோகிராடுடனான உறவை இடைநிறுத்தியது. விரிப்பு வோல்கோகிராட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பெயர்களும் அதில் இருக்கின்றன. இந்த மாதிரி, வரும் ஒவ்வொருவரும் ஒரு தையல் போட்டு வருடாவருடம் நீளும் துணி ஒன்றை எந்தச் சங்கமும் ஐந்து மீற்றர் லினனும் நூலும் வாங்கித் தொடங்கலாம்.

நகரசபை விருந்து பெரும்பாலும் பலவீனமான பகுதி. ஒருவர் நாலு நிமிடம் பேசினால் மொழிபெயர்ப்போடு எட்டு நிமிடம். இரண்டு மேயர், இரண்டு தலைவர் என்றால் சூப் ஆறிவிடும். பேச்சை முன்கூட்டியே வாங்கி, மற்ற மொழியில் அச்சடித்து மேசையில் வைத்துவிட்டு, ஒரே மொழியில் பேசவிடும் சங்கங்கள் பாதி நேரத்தில் முடித்துவிடுகின்றன. மேசையில் இருக்கை ஒதுக்குவதும் அவசியம், விட்டால் ஒவ்வொரு நாட்டாரும் தனித்தனியே குந்திவிடுவார்கள்.

இளையவர்கள் வராதது எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவான நோய். சங்கத்தில் எழுபது வயதுக்காரர் மட்டும் இருந்தால் எந்தப் பதினாறு வயதுப் பிள்ளையும் கோச்சில் ஏறாது. பிள்ளைகளை ஒரு குழுவாகத்தான் கொண்டுவர முடியும்: உதைபந்தாட்ட அணி, பாண்ட் வாத்தியக் குழு, பள்ளி வகுப்பு. இங்கே ஒரு நல்ல வாசல் திறந்திருக்கிறது. 2023 டிசம்பர் இறுதியிலிருந்து, பிரான்ஸில் படிக்கும் 18 வயதுவரையான மாணவர் ஐந்து பேருக்குக் குறையாத குழுவாகப் பள்ளியுடன் பிரித்தானியா வந்தால், பள்ளி நிரப்பும் ஒரு படிவம் போதும். ஒன்றியக் குடியுரிமை உள்ள பிள்ளை அடையாள அட்டையோடு வரலாம், விசா தேவைப்படும் நாட்டுப் பிள்ளை தன் கடவுச்சீட்டோடு விசா இல்லாமல் வரலாம். பாரிஸ் புறநகர்ப் பள்ளிகளில் இலங்கைக் கடவுச்சீட்டோடு படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் அதற்கு முன் விசா என்ற ஒரே காரணத்தால் வகுப்புப் பயணத்தில் விடுபட்டார்கள். பெற்றோர் இதைப் பள்ளியில் கேட்டே ஆக வேண்டும். இங்கிலாந்தில் பள்ளி ஏற்பாட்டில் ஒரு வீடு வெளிநாட்டு மாணவரைத் தங்கவைப்பதானால் வீட்டுப் பெரியவர்களுக்கு டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சோதனை வேண்டும், அதற்கு முன்கூட்டியே நேரம் ஒதுக்குங்கள்.

உதவித்தொகை பற்றிச் சுருக்கமாக. ஐரோப்பிய ஒன்றியத்தின் செர்வ் திட்டத்தில் இரட்டை நகரங்களுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. குறைந்தது 50 பேர் நேரில் பங்கெடுக்க வேண்டும், அவர்களில் 25 பேராவது வெளிநாட்டிலிருந்து அழைக்கப்பட்டவராக இருக்க வேண்டும். பிரித்தானியச் சங்கங்களுக்கு இது இப்போது இல்லை. சின்ன ஊருக்கு அந்த விண்ணப்பம் பெரும் பாரம். வெறும் நட்பு விருந்துக்குப் பணம் வராது, ஏதாவது பொது விவாதப் பொருளை மையமாக வைக்க வேண்டும். பிரான்ஸ், ஜேர்மனி சோடி என்றால் 2020-இல் தொடங்கிய குடிமக்கள் நிதியை முதலில் பாருங்கள். சிறிய தொகைக்கு விண்ணப்பம் எளிது. இளையோர் குழுவுக்கு 1963-லிருந்து இயங்கும் பிரான்ஸ், ஜேர்மன் இளையோர் அலுவலகம் இருக்கிறது.

நம் பக்கத்து உறவையும் சொல்ல வேண்டும். லண்டனின் கிங்ஸ்டன், 2016 அக்டோபரில் யாழ்ப்பாணத்துடன் உடன்படிக்கை செய்தது. அங்கே கோச் ஓடாது, யாழ்ப்பாணத்திலிருந்து வருவோருக்கு விசா பெரிய தடை. ஆகவே மேலே புகழ்ந்த வீட்டுத் தங்கல் முறையை அப்படியே அங்கே நகலெடுக்க முடியாது. போகிறவர்கள் ஒரு பக்கமாகவே போவார்கள், கடன் திரும்பாது. அத்தகைய தூர உறவுகளுக்குப் பள்ளி வகுப்புகளிடையே கடிதமும் காணொளியும், நூலகங்களிடையே புத்தகமும்தான் நடைமுறைக்கு ஒத்துவரும். கடிதம் என்றால் ஒரு வகுப்பு எழுதி மற்ற வகுப்பு மூன்று கிழமைக்குள் பதில் போட வேண்டும், பள்ளி விடுமுறைகள் இரு நாட்டிலும் வேறு வேறு என்பதால் வருடத்துக்கு இரண்டு சுற்றுக்கு மேல் திட்டமிடாதீர்கள்.

சேர நினைப்பவர்கள் இலையுதிர் காலத்தில் வரும் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போங்கள், அடுத்த வருடப் பயணத் திகதி அநேகமாக அங்கேதான் சொல்லப்படும். கேட்க வேண்டியது: போன தடவை எத்தனை பேர் வீடுகளில் தங்கினார்கள், எத்தனை பேர் ஹோட்டலில், புதிதாக எத்தனை வீடுகள் சேர்ந்தன. முற்பணம் கட்டுவதற்கு முன், ஆள் குறைந்து பயணம் ரத்தானால் அது திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் மேலதிக அறை இல்லை என்று தயங்க வேண்டாம், மூன்று இரவுக்குப் பிள்ளைகள் ஒரே அறையில் படுத்தால் ஒரு தம்பதிக்கு இடம் வந்துவிடும், கழுவிய விரிப்பும் கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் போதும்.